கான்சாகிபின் போர்முனை மடல்கள்

சங்கரன்கோவிலின் வடமேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்தது வாசுதேவநல்லூர். பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல் பாளையத்துக்குரிய வலிய மண்கோட்டை அங்கிருந்தது. 1759ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கோட்டையை வளைத்து நின்ற படைத்தலைவர், சென்னைப் பட்டணத்து ஆங்கிலேய ஆளுநர் குழுவிற்குப் போர்முனையிலிருந்து மடல்கள் விடுத்தார். அவரே, தென்பாண்டி மக்கள் கும்மந்தான் என்றழைத்த கான்சாகிபு ஆவார்.

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் எளிய குடும்பமொன்றில் தோன்றியவர் அவர். மருதநாயகம் என்பது இயற்பெயர் என்பர். இசுலாம் தழுவியபின் முகம்மது யூசுபுகான் ஆனார். 1752இல் தம் வீரர் சிலருடன் கிளைவின் படையில் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளி முற்றுகைக் காலத்தில், பகைவர் சூழ்ந்த வழிகளினூடே உணவுப்பொதிகளைக் கொண்டு சேர்த்த அவரது திறம் தளபதி லாரன்சைக் கவர்ந்தது. 1754இல் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவரானார், பொற்பதக்கமும் பெற்றார். 1758இன் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, பிரஸ்டன் என்னும் ஆங்கிலேயத் தளபதியோடு செங்கற்பட்டுப் பகுதியில் நின்று பகைவரை அலைக்கழித்தார். பிரஸ்டன் என்னும் இப்பெயரை நாம் மீண்டும் சந்திக்க நேரும்.

1759இல் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் குத்தகைக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. குத்தகைப் பணம் தண்டவேண்டுமாயின் பாளையக்காரரை அடக்கியாக வேண்டும். அவர்களுள் தலைமையானவர் பூலித்தேவர். எனவே, களக்காட்டுப் பகுதியை விட்டுக்கொடுத்துத் திருவிதாங்கூரின் துணையைப் பெற்று, வாசுதேவநல்லூரின் மீது பாய்ந்தார். மலைச்சாரல் மண்ணால் எழுப்பிய அக்கோட்டை மதில், கல்மதிலைப்போல் சிதறி விழவில்லை. பீரங்கிக் குண்டைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. வெடிமருந்து குறைந்தது. மதிலேற முயன்ற வீரர் பலர் மாண்டனர்; பூலித்தேவரும் வெளிப்புறத்திலிருந்து தாக்கவே, முற்றுகை கைவிடப்பட்டது.

இத்தோல்வியைக் கான்சாகிபு மறைக்கவில்லை. நேர்ந்ததை எழுதினார், பீரங்கியும் மருந்தும் வேண்டினார். இத்தகைய மடல்கள் கும்பினியின் இராணுவ ஆவணங்களில் இடம்பெற்றுள்ளன. இவற்றை ஆராய்ந்து ஹில் என்னும் ஆங்கிலேயர் 1914இல் நூலொன்று வெளியிட்டார். போர்முனை மடல் என்றதும் வீட்டை நினைந்து வீரன் எழுதும் உருக்கமே நம் மனத்தில் எழும். இவையோ ஆளுநர் பிகட்டின் மேசைக்குச் சென்றவை. பகைவனின் வலிமையை மட்டுமன்றிச் சீமையின் வரவு செலவையும் பேசுபவை. பூலித்தேவரின் வீரத்திற்கு அவர்தம் பகைவரின் எழுத்தே சான்றாக அமைந்தது வியப்பிற்குரியது.

1761 மே மாதத்தில் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் கான்சாகிபின் வசமாயின. (இப்பனையூர் அவர் பிறந்த ஊரன்று.) அவரது புகழ் ஓங்க ஓங்க ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் ஐயமும் ஓங்கியது. ஆண்டுக்கு ஏழு இலட்சம் ரூபாய் தருவதாகவும் நான்காண்டுக் குத்தகை வேண்டுமென்றும் கான்சாகிபு கேட்டார். நவாபுக்கு அடங்கி நடக்க அவர் விரும்பவில்லை. கும்பினியாரோ நவாபின் பக்கமே நின்றனர். வெடிமருந்து கேட்டு எழுதியவர், இப்போது தம் நேர்மைக்குத் தாமே வாதாடி எழுதவேண்டிய நிலைக்கு ஆளானார். பயன் விளையவில்லை. மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

1763இல் தொடங்கிய மதுரை முற்றுகை ஓராண்டிற்கும் மேல் நீடித்தது. செங்கற்பட்டில் தோளோடு தோள் நின்ற பிரஸ்டன், இம்முறை எதிரணியில் வந்து, கோட்டைத் தாக்குதலில் பட்ட காயத்தால் உயிர்நீத்தார். போரால் வீழாத கோட்டை சூழ்ச்சியால் வீழ்ந்தது. திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரர் மர்ச்சந்தும் உள்ளிட்டோர் கான்சாகிபைப் பிடித்து ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

கான்சாகிபின் மறைவுக்குப்பின் பூலித்தேவர் திரும்பிவந்து மீண்டும் போரிட்டார். 1767இல் கேம்பெல்லின் படை அவர்தம் கோட்டைகளைக் கைப்பற்றியது. சிறைப்பட்டுச் சென்ற வழியில் சங்கரநாராயணரை வணங்க விரும்பிய அவர், சங்கரன்கோவில் திருக்கோயிலினுள் புகுந்து மறைந்துவிட்டார் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. மதுரைச் சம்மட்டிபுரத்தில் கான்சாகிபின் உடல் அடங்கிய இடத்தில் தர்கா ஒன்று உள்ளது.