ஸர் ஸி. வி. இராமனும் பழங்கருவிகளும்

பௌதிக ஆய்வுக்கூடத்து அலமாரிகளில் பழைய மின்கருவிகள் பல தூசி படிந்து கிடத்தலைக் காண்கின்றோம். அவற்றுள் ஒன்று லெய்டன் ஜாடி. அஃது உள்ளும் புறமும் வெள்ளீயத் தகடு ஒட்டிய கண்ணாடிக் கலம். நடுவே நிற்கும் பித்தளைக் கம்பியின் வழியே மின்சாரத்தை ஏற்றி வைத்துப் பின்னர் இரு தகடுகளையும் இணைப்பின், பளீரென்று தீப்பொறி பாயும். இதனைப் பயனற்ற பழம்பொருளென்று ஒதுக்குவோர், ஸர் ஸி. வி. இராமனது வரலாற்றைச் சிறிது நோக்குவாராக.

இராமன் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். சிறுவர் இராமன் ஒருகால் நோயுற்றிருந்தும், தந்தையார் லெய்டன் ஜாடியின் தொழிலைச் செய்து காட்டுமளவும் அமைதி கொண்டாரல்லர் என்பர். பள்ளிப் பருவத்திலேயே டைனமோ ஒன்றைத் தம் கையால் அமைத்தார் என்றுங் கூறுவர்.

1903 இல் அவர் சென்னைக் கடற்கரையை அடுத்துள்ள மாநிலக் கல்லூரியை அடைந்தார். 1904 இல் பி. ஏ. தேர்வில் முதன்மையுற்றார். ஆங்கு முப்பட்டகக் கண்ணாடியின் கோணத்தை அளக்கும் எளிய பயிற்சியின்போது, ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒத்திராமை அவர் கண்ணிற் பட்டது. அதன் காரணத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1906 நவம்பரில் இலண்டன் மாநகரத்து விஞ்ஞான இதழொன்றில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது 18.

1907 இல் நிதித்துறை அலுவலேற்றுக் கல்கத்தா சென்றார். பகலில் அலுவலகம், காலையும் மாலையும் ஆய்வுக்கூடம். இங்ஙனம் பத்தாண்டு உழைத்தபின், 1917 இல் மிக்க ஊதியத்தைத் துறந்து, குறைந்த ஊதியமுடைய பேராசிரியப் பதவியை விரும்பி ஏற்றார்.

1928 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள், பாதரச மின்விளக்கின் ஒளி திரவத்திற் சிதறுங்கால் புதிய நிறக்கோடுகள் தோன்றுவதைக் கண்டார். அவ்வாராய்ச்சியில் துணைநின்ற கே. எஸ். கிருஷ்ணன், சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிற் பயின்றவர். அவர்கள் கையாண்ட கருவிகளோ பெரும்பொருள் பெறாதவை. ஆயினும் 1930 இல் நோபெல் பரிசு இராமனை நாடி வந்தது. 1970 நவம்பர் 21 ஆம் நாள் பெங்களூரில் அவர் மறைந்தார்.

இன்று சோதனைகளைத் திரையிற் கண்டு அமைகின்றோம். பழங்கருவிகளோ எடைக்கு விலையாகின்றன. அவற்றை விற்கும் முன்னர் ஒருமுறையேனும் துடைத்து இயக்கிப் பார்ப்போமாக. பொறி பாய்வதைத் தன் கண்ணாற் காணும் சிறுவன் ஏன் என்று வினவுவான். அவ்வினாவே விஞ்ஞானத்தின் தலைவாயில்.