கொரானாவும் அந்த ஒரு எழுத்தும்

டிஎன்ஏவுக்கும் ஆர்என்ஏவுக்கும் வித்தியாசம் எழுதுக. பிளஸ் டூல இதுக்கு, அதுல தைமின், இதுல யுராசில்னு எழுதி எல்லாரும் மார்க் வாங்கியிருப்போம். ஏன் வேற வேற எழுத்துன்னு யாரும் கேட்கலை, நானும் கேட்கலை. காலேஜ்ல ஹர் கோவிந்த் கொரானாவைப் பத்திப் படிச்சப்பதான் அந்தக் கேள்வியே வந்தது. அவர் பாதி வாழ்க்கையை இந்த எழுத்துகளைக் கோர்க்கறதுலயே கழிச்சவர்.

1922-ல், இப்போ பாகிஸ்தானில் இருக்கிற முல்தான் பக்கம், ராய்ப்பூர் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். சுமார் நூறு பேர் இருந்த ஊர். அப்பா பட்வாரி, நம்ம ஊர் கணக்குப்பிள்ளை மாதிரி. ஊர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்ச குடும்பம்னா கிட்டத்தட்ட இவங்க மட்டும்தான். முதல் பாடமெல்லாம் மரத்தடியில். லாகூரில் எம்.எஸ்சி. முடித்து, 1945-ல் அரசு உதவித்தொகையில் லிவர்பூல் போய் பிஎச்.டி. வாங்கினார். அடுத்து சூரிச்.

1949-ல் ஊர் திரும்பினால், பிறந்த ஊர் வேற நாட்டில் இருந்தது. குடும்பம் அகதியா டெல்லிக்கு வந்திருந்தது. இவ்வளவு படிச்சும் வேலை கிடைக்கலை. பிளேஸ்மென்ட் சீசன்ல இதைப் படிக்கிறப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு. மறுபடி கப்பல் ஏறி கேம்பிரிட்ஜ், 1952-ல் கனடாவின் வான்கூவர், 1960-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின்.

அங்கேதான் பெரிய வேலை நடந்தது. மூணு மூணு எழுத்தா ஆர்என்ஏ எந்த அமினோ அமிலத்தைக் குறிக்குதுன்னு கண்டுபிடிக்கணும். 1961-ல் நைரன்பர்க், யுராசில் மட்டுமே உள்ள ஆர்என்ஏவை வைத்து முதல் சொல்லைப் படிச்சிட்டார். வரிசை தெரிஞ்ச நீளமான ஆர்என்ஏ வேணுமே! அதை நேரடியா கெமிஸ்ட்ரில கட்டறது ரொம்பக் கஷ்டம். கொரானா சுத்தி வந்தார். முதலில் சின்ன டிஎன்ஏ துண்டுகளைக் கையால் கட்டி, பிறகு என்சைம்களை விட்டு அதை நீட்டி, ஆர்என்ஏவாகப் பிரதி எடுக்கச் செய்தார். டிஎன்ஏவில் தைமின், சைட்டோசின்னு மாறி மாறி வந்த வரிசை, ஆர்என்ஏவில் யுராசில், சைட்டோசின்னு வந்தது. அதிலிருந்து வந்த புரதத்தில் செரினும் லியூசினும் மாறி மாறி இருந்தன. 1968-ல் நைரன்பர்க், ஹாலி இருவரோடும் நோபல் பரிசு.

சரி, பிரதி எடுக்கும்போது எழுத்து ஏன் மாறுது? நான் பெரிய காஞ்சிபுரம். எங்க தெருல தறிச் சத்தம் கேட்காத வீடு குறைவு. புடவை டிசைனை முதல்ல கட்டம் போட்ட தாளில் வரைவாங்க, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில ஓட்டை போடுவாங்க. கட்டத்துக்குச் சிவப்பு மை அடிக்கிறாங்கன்னு வைங்க. தாளில் காபிக் கறை பட்டால் கறைன்னு தெரிஞ்சிடும். கறையே சிவப்பா இருந்தா?

செல்லுக்குள்ள அந்தச் சிவப்புக் கறை உண்மையிலேயே விழுது. சைட்டோசின் தண்ணீரில் தானாகவே தன் அமீன் தொகுதியை இழந்து யுராசிலா மாறிடும். மனித செல் ஒவ்வொன்றிலும் தினமும் நூறு தடவை போல இது நடக்குதுன்னு கணக்கு. டிஎன்ஏவிலும் யுராசில் சரியான எழுத்தா இருந்திருந்தா, எது அசல், எது கெட்டுப்போன சைட்டோசின்னு பிரிக்கவே முடியாது. அதனால் டிஎன்ஏ, யுராசில்மேல ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டி வச்சுக்குது. அதுதான் தைமின்! ஒட்டில்லாத யுராசில் டிஎன்ஏவில் தெரிஞ்சா, அது கறைதான். வெட்டி எடுத்து சரிபண்ணிடலாம். வெட்டுற என்சைமை 1974-ல் தோமஸ் லிண்டால் கண்டுபிடிச்சார்.

அந்த மெத்திலை ஒட்டறதுக்கு செல்லுக்குக் கூடுதல் செலவு. ஆர்என்ஏ கொஞ்ச நேரம் இருந்துட்டு அழியப்போற பிரதி. ஒண்ணு கெட்டாலும் வேற பிரதி வரும். அதுக்கு எதுக்கு வெட்டிச்செலவு? (முழுசா அப்படியும் சொல்லிட முடியாது. டிஆர்என்ஏவில் ஒரு இடத்துல தைமின் உட்கார்ந்திருக்கும். பரீட்சையில எழுதி மாட்டிக்காதீங்க.)

கொரானா நோபலோடு நிறுத்தலை. ஹாலி 1965-ல் படிச்சுக் காட்டின ஈஸ்ட் டிஆர்என்ஏ ஒண்ணை எடுத்துக்கிட்டு, அதுக்கான ஜீனையே கட்டலாம்னு இறங்கினார். யுராசில் வர்ற இடத்துல தைமின் வச்சு, துண்டு துண்டா கட்டி, லைகேஸ் என்சைமால் ஒட்டி, 77 ஜோடி எழுத்துகள். 1970-ல் முடிஞ்சது, உலகத்துலயே முதல் செயற்கை ஜீன். அந்த வருஷமே எம்ஐடிக்கு மாறினார். 1976-ல் அவர் குழு கட்டின இன்னொரு ஜீன், உயிருள்ள பாக்டீரியாவுக்குள்ள போய் வேலையும் செஞ்சது.

2011 நவம்பர் 9 அன்று மாசசூசெட்ஸில் காலமானார். இன்னைக்கு பிசிஆருக்கு பிரைமர் ஆர்டர் பண்ணினா சில நாள்ல குட்டி டியூப்ல வந்துடுது. அவர் ஆளுங்க வருஷக்கணக்கா உட்கார்ந்து கோர்த்த அதே மாதிரித் துண்டுகள்தான் அதுவும்.