ஒரு பிடி மண், ஒரு மஞ்சள் மருந்து: யார் இந்த சுப்பாராவ்?

எலிக்காய்ச்சல், முகப்பரு என்று டாக்டர் எழுதித் தரும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நம்மில் பலர் சாப்பிட்டிருப்போம். அந்த மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்து உருவான ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் மருத்துவம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதர் உடுத்திய மாணவர்

1895-ல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தார். ஸ்ப்ரூ எனும் குடல் நோய்க்கு சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

1920-களில் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் ஆய்வு செய்தபின், 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார். ஸ்ப்ரூவுக்குப் பயன்படும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது அவருடைய குழு. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அங்கிருந்துதான் வந்தது.

மண்ணில் கிடைத்த மருந்து

அவரது குழுவில் இருந்த பெஞ்சமின் டக்கர், பல ஊர் மண்ணை வரவழைத்துச் சோதித்தார். மிசோரி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா, மற்ற பாக்டீரியாக்களை அடக்கும் மஞ்சள் நிறப் பொருளைச் சுரந்தது. அதுதான் ஆரியோமைசின், முதல் டெட்ராசைக்ளின். 1948-ல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார்.

5 ஆண்டில் வந்த சிக்கல்

1953-லேயே டெட்ராசைக்ளினுக்கு அடங்காத சீதபேதிக் கிருமி கண்டறியப்பட்டது. எப்படி? மருந்தைச் சுரக்கும் மண் பாக்டீரியா தானே சாகாமல் இருக்க, தற்காப்பு மரபணுவையும் வைத்திருக்கிறது. அதாவது, மருந்து கிடைத்த அதே மண்ணிலேயே அதற்கான எதிர்ப்பும் இருந்தது. இதுபோன்ற மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். மருந்தை அதிகம் பயன்படுத்தினால், அவை உள்ள கிருமிகளே பிழைத்துப் பெருகும்.

லேபில் எப்படித் தெரியும்?

கிருமியை வளர்த்து, மருந்து வைத்துப் பார்க்க 2, 3 நாள் ஆகும். பி.சி.ஆர். சோதனை, எதிர்ப்பு மரபணுவைப் பல மடங்கு நகலெடுத்துச் சில மணி நேரத்தில் காட்டிவிடும். ஆனால் ஏற்கெனவே தெரிந்த மரபணுவைத்தான் அது தேடும். புதிதாக ஒன்று இருந்தால் தப்பிவிடும். அதனால் வளர்ப்புச் சோதனையும் தேவை.

தூத்துக்குடிக்கு என்ன சம்பந்தம்?

இதே குடும்பத்து மருந்தான ஆக்ஸிடெட்ராசைக்ளின், உலகெங்கும் மீன், இறால் வளர்ப்பில் பயன்படுகிறது. தூத்துக்குடியிலிருந்து ஏற்றுமதியாகும் இறாலில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எச்சம் இல்லை என்றால் சரக்கு கப்பல் ஏறும். ஆனால் மருந்து கரைந்து போன பிறகும், எதிர்ப்பு மரபணு உள்ள பாக்டீரியா குளத்துச் சேற்றில் தங்கியிருக்கலாம். எச்சச் சோதனையில் அது தெரியாது. அதற்கு மரபணுச் சோதனைதான் வேண்டும்.