வரைபடம் பொய்க்கவில்லை!

'கணிப்பொறியின் தந்தை' எனப்படும் சார்லஸ் பாபேஜ், 1791ல் லண்டனில் பிறந்தார்.

அக்காலத்தில் மாலுமிகள், நடுக்கடலில் கப்பல் இருக்குமிடம் அறிய, கணித அட்டவணை நூல்களையே நம்பினர். மனிதர்கள் கையால் கணக்கிட்டதால், அவற்றில் பிழைகள் மலிந்தன. ஓர் எண் தவறினாலும் ஆபத்துதானே!

கைப்பிடியைச் சுற்றினால், பல்சக்கரங்கள் சுழன்று பிழையின்றிக் கணக்கிடும் இயந்திரம் செய்ய முனைந்தார் பாபேஜ். அரசு, 17 ஆயிரம் பவுண்டு செலவிட்டும் பணி முடியவில்லை. 1842ல் உதவியை நிறுத்தியது.

பாபேஜ் சோரவில்லை. அதைவிடச் சிறந்த இயந்திரத்திற்கு, நுணுக்கமாக வரைபடம் தீட்டி வைத்தார். அது உருப்பெறுவதைப் பாராமலே, 1871ல் மறைந்தார்.

அவர் பிறந்த 200வது ஆண்டான 1991ல், லண்டன் அறிவியல் அருங்காட்சியகம், அந்த வரைபடப்படியே இயந்திரத்தைச் செய்தது. 4,000 பாகங்கள்! சரியாகக் கணக்கிட்டது.

நல்ல யோசனை தோன்றினால், தெளிவாக எழுதி வையுங்கள், ஒருநாள் பயன்படும்!