சீட் கிடைக்காத பயணிகளால் கோடீஸ்வரர் ஆனவர்... சிகாகோ டிராம் ராஜா யெர்கீஸின் கதை!

கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, இன்னொரு பஸ் விட்டால் இவங்களுக்கு என்ன குறைஞ்சுடும் என்று நீங்கள் முணுமுணுத்திருப்பீர்கள். சுமார் 130 வருஷங்களுக்கு முன்பு அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஊரே அப்படி ஒரு மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தது. அவர் பெயர் சார்லஸ் டைசன் யெர்கீஸ்.

1837-ல் பிலடெல்பியாவில், குவாக்கர் குடும்பத்தில் பிறந்தவர். பங்குகளும் கடன் பத்திரங்களும் வாங்கி விற்பது தொழில். மாநகராட்சியின் பத்திரங்களை விற்றுக்கொடுக்கும் வேலையும் அவரிடம் வந்தது. ஊர்ப்பணம் கையில் புழங்கும்போது சும்மா இருப்பாரா? அதையும் சூதாட்டம் மாதிரி பங்குகளில் இறக்கினார். 1871 அக்டோபரில் சிகாகோ பற்றி எரிந்தது. எங்கேயோ எரிந்த தீயில் பிலடெல்பியா பங்குச்சந்தையும் ஆடிப்போக, மாநகராட்சிக்குப் பணத்தைத் திருப்பித் தர யெர்கீஸால் முடியவில்லை. 33 மாதம் சிறைத் தண்டனை. ஆனால், ஏழே மாதத்தில் மன்னிப்பு வாங்கி வெளியே வந்துவிட்டார்.

தன்னைக் கவிழ்த்த அதே சிகாகோவுக்குத்தான் 1880-களின் தொடக்கத்தில் குடிபெயர்ந்தார். 1886-ல், பிலடெல்பியா முதலாளிகளின் பணத்தோடு நகரின் வடக்குப் பகுதி டிராம் கம்பெனியைப் பிடித்தார். அடுத்து மேற்குப் பகுதியும் கைக்கு வந்தது. அப்போது அங்கே குதிரைகள்தான் டிராமை இழுத்துக்கொண்டிருந்தன. யெர்கீஸ் கேபிள் டிராமுக்கு மாற்றினார். தெருவுக்கு அடியில் ஒரு நீளமான இரும்புக் கயிறு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். டிராமில் இருக்கும் பிடி அதைக் கவ்வினால் வண்டி நகரும், விட்டுவிட்டு பிரேக் போட்டால் நிற்கும்.

இன்னொரு தலைவலி, சிகாகோ ஆறு. கப்பல் வந்தால் பாலம் திரும்பி வழிவிடும். அதுவரை டிராம், குதிரை வண்டி, மனிதர்கள் எல்லாரும் கரையிலேயே காத்திருக்க வேண்டியதுதான். ஆற்றுக்கு அடியில் நகரம் ஏற்கெனவே தோண்டிவைத்திருந்த இரண்டு சுரங்கப்பாதைகளைக் கேட்டு வாங்கி, அதற்குள் டிராமை விட்டார் யெர்கீஸ். ஆள் கில்லாடி என்பதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் ஏன் திட்டினார்கள்? டிக்கெட் ஐந்து சென்ட்தான். ஆனால், உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டு போகிறவர்களின் காசில்தான் லாபமே இருக்கிறது என்பது யெர்கீஸின் கணக்கு. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவது, உண்மை மதிப்பைவிட அதிகமாகப் பங்குகளை வெளியிடுவது என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே தலை சுற்றும்.

இந்தக் கெட்ட பெயருக்கு நடுவில்தான் 1892-ல் அந்த டெலஸ்கோப் வந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு திட்டத்துக்காக வார்க்கப்பட்ட 40 அங்குல லென்ஸ் கண்ணாடிகள், திட்டம் கைவிடப்பட்டதால் விலைக்கு இருந்தன. 24 வயது வானியலாளர் ஜார்ஜ் எல்லரி ஹேலும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பரும் யெர்கீஸிடம் போனார்கள். உலகத்திலேயே பெரியது என்றதும் விழுந்துவிட்டார் மனிதர். பேரும் கிடைக்கும், வங்கிகளிடம் மதிப்பும் கூடும் இல்லையா? விஸ்கான்சினில் யெர்கீஸ் வானாய்வகம் 1897-ல் திறக்கப்பட்டது. லென்ஸ் வகை டெலஸ்கோப்பில் அதை மிஞ்சியது வானியலில் இன்றுவரை வரவில்லை. 40 வருஷம் கழித்து, 1937-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞரை உங்களுக்குத் தெரியும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த, நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர்! 1983-ல் நோபல் பரிசு வாங்கினாரே, அவரேதான்.

அதே 1897-ல்தான் பெரிய சண்டையும் மூண்டது. தெருக்களில் டிராம் ஓட்டும் உரிமத்தை யெர்கீஸ் 50 வருஷத்துக்குக் கேட்டார். அரை நூற்றாண்டு ஊர்த் தெருவெல்லாம் ஒருத்தர் கையில்! 1895-லேயே இப்படியொரு முயற்சியை ஆளுநர் ஆல்ட்கெல்ட் ரத்து அதிகாரத்தால் தடுத்திருந்தார். இந்த முறை மாநில சட்டசபையில் சட்டமே நிறைவேறிவிட்டது. பாக்கி, நகர கவுன்சிலின் சம்மதம் மட்டும்தான். கவுன்சிலர்களை விலைக்கு வாங்குவது அங்கே புதுசு இல்லை. ஆனால், மேயர் கார்ட்டர் ஹாரிசன் எதிர்த்து நின்றார். 1898 டிசம்பரில் ஓட்டெடுப்பு நாளில், மக்கள் தூக்குக் கயிறுகளோடு கவுன்சில் கூட்டத்துக்கே வந்துவிட்டார்கள். கவுன்சிலர்கள் பயந்தார்களோ, மனசு மாறினார்களோ... யெர்கீஸ் தோற்றார். மறுவருஷம் அந்தச் சட்டமும் ரத்தானது.

டிராம் பங்குகளை விற்றுவிட்டுக் கிளம்பியவர், 1900-ல் லண்டனில் இறங்கினார். கரியும் புகையுமாக ஓடிய டிஸ்ட்ரிக்ட் ரயிலை மின்சாரத்துக்கு மாற்றினார். இன்றைய பேக்கர்லூ, பிக்காடிலி, நார்தர்ன் வழித்தடங்களில் ஒரு பகுதி அவர் திரட்டிய பணத்தில் தோண்டியதுதான். அவற்றில் முதல் டியூப் ரயில் ஓடுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1905 டிசம்பர் 29 அன்று, நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் இறந்துபோனார். ஆசை ஆசையாகச் சேர்த்த ஓவியங்கள் 1910-ல் ஏலத்துக்குப் போயின.

சிகாகோவின் டிராம் கம்பெனிகள் 1914-ல் சிகாகோ சர்ஃபேஸ் லைன்ஸ் என்ற ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. 1947-ல் பொதுத்துறை அமைப்பு ஒன்று அதை எடுத்துக்கொண்டது. 1958 ஜூன் 21 அன்று கடைசி டிராம் ஓடியது. டிராம்தான் போச்சே தவிர, 1897-ல் நகரின் மையத்தைச் சுற்றி யெர்கீஸ் கட்டிமுடித்த லூப் என்ற உயரப் பாதையில் இன்றும் ரயில்கள் ஓடுகின்றன. சிகாகோ போனால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.