18 வயதில் விதவை. சான்றிதழையே திருத்த வைத்த சென்னை என்ஜினீயர் லலிதா

சென்னை,

அடையாறு அருகே சர்தார் பட்டேல் சாலையில் காலையில் பஸ் நின்றால், மாணவிகள் கூட்டமாக இறங்கி அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் போகிறார்கள். உள்ளே இருக்கும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி 1794-ல் சர்வே பள்ளியாக ஆரம்பிக்கப்பட்டது. ஆனால் 1940 வரை அங்கே ஒரு பெண் கூட என்ஜினீயரிங் படித்தது இல்லை. அந்த கதவை திறந்தவர் ஏ.லலிதா. இந்தியாவின் முதல் பெண் எலக்ட்ரிக்கல் என்ஜினீயர் இவர்தான்.

15 வயதில் கல்யாணம்

லலிதா 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந்தேதி சென்னையில் தெலுங்கு குடும்பத்தில் பிறந்தார். தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். வாத்தியார் வீடு என்றாலும் ஊர் வழக்கம் விடவில்லை. ஆண் பிள்ளைகளை என்ஜினீயருக்கு படிக்க வைத்த வீட்டில், லலிதாவுக்கு 15 வயதில் கல்யாணம் முடிந்தது.

1937-ல் கணவர் இறந்து போனார். அப்போது லலிதாவுக்கு 18 வயது. கையில் 4 மாத பெண் குழந்தை.

டாக்டர் வேண்டாம்

தாலி அறுத்தவள் மூலையில் முடங்க வேண்டும் என்று இருந்த காலம் அது. லலிதா சொந்தக்காலில் நிற்க முடிவு செய்தார். மெரினா எதிரே ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் படித்து முதல் வகுப்பில் தேறினார். டாக்டர் வேலைக்கு ராத்திரி, பகல் கிடையாது, குழந்தையை யார் பார்ப்பது என்று யோசித்து என்ஜினீயரிங்கை தேர்வு செய்தார்.

தந்தை கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி அனுமதி வாங்கினார். நூற்றுக்கணக்கான ஆண்கள் நடுவே லலிதா ஒரே பெண். பிறகு லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்து துணைக்கு வந்தனர்.

‘ஹி’ இல்லை, ‘ஷி’

1943-ல் பட்டம் கிடைத்தது. சான்றிதழில் ஆணுக்குரிய ‘ஹி’ என்றே அச்சாகி இருந்தது. பெண் படிப்பாள் என்று யாரும் நினைக்கவே இல்லை. அதை அடித்துவிட்டு ‘ஷி’ என்று எழுதி கொடுத்தார்கள்.

ஜமால்பூர் ரெயில்வே ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி, சிம்லாவில் மத்திய அரசு வேலை. 1948-ல் கொல்கத்தா கம்பெனியில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் அவர் பங்கு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேச பெண் என்ஜினீயர், விஞ்ஞானிகள் மாநாட்டிலும் கலந்து கொண்டார். கூடப்படித்த திரேசியா 1971-ல் கேரள பொதுப்பணித்துறை தலைமை என்ஜினீயர் ஆனார்.

1977-ல் ஓய்வு பெற்ற லலிதா, 1979 அக்டோபர் 12-ந்தேதி 60 வயதில் காலமானார். பொம்பளை புள்ளைக்கு எதுக்கு என்ஜினீயரிங் என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். லலிதாவின் சான்றிதழில் இருந்த அந்த திருத்தம்தான் அவர்களுக்கு பதில்.