கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் உங்கள் பேஸின் ஒலியைத் தீர்மானித்தது எப்படி? லியோ ஃபெண்டரின் கதை

சொந்தமாக ஒரு பேஸ் கிட்டார் செய்துவிடலாம் என்று கிளம்பிவிட்டீர்கள். பாடிக்கு மரம் வந்தாச்சு, நெக் வந்தாச்சு. பிக்கப் வாங்கும் இடத்தில் வந்து நிற்கிறீர்கள். பார்க்கும் பட்டியலில் எல்லாம் பி, ஜே, எம்எம் என்று எழுத்தாகவே போட்டிருக்கிறது. எதை வாங்குவது?

இந்த மூன்று எழுத்துக்கும் பின்னால் இருப்பது ஒரே ஆள். லியோ ஃபெண்டர். பிரசிஷன், ஜாஸ், மியூசிக் மேன் மூன்றும் அவர் கைபட்டவை. சின்ன வயதில் பியானோவும் சாக்ஸபோனும் கொஞ்சம் பழகியவர், கிட்டார் வாசிக்க மட்டும் கடைசி வரை கற்றுக்கொள்ளவே இல்லை. அவர் எந்தப் பிரச்னைக்கு எந்த பிக்கப்பைச் செய்தார் என்று தெரிந்துகொண்டால், உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

1909 ஆகஸ்ட் 10-ம் தேதி, கலிஃபோர்னியாவில் அனஹைமுக்கும் ஃபுல்லர்ட்டனுக்கும் இடையே ஒரு ஆரஞ்சுத் தோட்டத்தில் பிறந்தார். எட்டு வயதில் கட்டி வந்து இடது கண் போனது. அங்கே கண்ணாடிக் கண் வைத்தார்கள். படித்தது கணக்கியல். பொருளாதார மந்தக் காலத்தில் கணக்கர் வேலை பறிபோனதும், 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். லே-ஆஃப் ஆனவர்கள் ஹாபியைத் தொழிலாக்கும் கதை இன்றைக்கு வந்ததல்ல, பாருங்க. பாட்டுக் குழுக்காரர்கள் பழுதான ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு வருவார்கள். அவர்கள் புலம்புவதை அவர் காதுகொடுத்துக் கேட்பார்.

புலம்பல்களில் பெரிய ஒன்று, ஆளுயர டபுள் பேஸ். தூக்கிச் செல்வதும் கஷ்டம், மின்சார கிட்டார்கள் வந்தபிறகு மேடையில் அதன் சத்தமும் எடுபடவில்லை. 1951-ல் லியோ தோளில் மாட்டிக்கொள்ளும் பேஸைச் செய்தார். ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும், அதனால் பிரசிஷன் என்று பெயர். 34 இன்ச் ஸ்கேல். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் நெக்கும் அநேகமாக அதே அளவுதான்.

அதன் முதல் பிக்கப் ஒற்றைச் சுருள். காந்தத் துண்டுகளைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். மேலே எஃகு ஸ்ட்ரிங் அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். பேட்டரி வேண்டாம். பாஸிவ் என்பதன் பொருள் இதுதான். ஆனால் அதே சுருள் சுவர் வயரிங்கின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். பேஸில் இது கூடுதல் தொல்லை. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி நோட் 49 ஹெர்ட்ஸ். வாசிக்கும் நோட்டுக்குப் பக்கத்திலேயே ஹம் வந்து உட்கார்ந்துகொள்ளும்!

1957-ல் லியோ சுருளை இரண்டாக உடைத்தார். ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்கு ஒரு பாதி, டி, ஜி-க்கு இன்னொரு பாதி. இரண்டிலும் சுற்றும் திசை எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். ஸ்ட்ரிங்கின் சிக்னல் அப்படியே வரும், வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பி பிக்கப் இரண்டு துண்டாக விலகி நிற்பதற்குக் காரணம் அழகு இல்லை, இதுதான். முதல் பேஸ் செய்பவருக்கு என் ஓட்டு இதற்கே. ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். தப்பு நடக்க இடமே குறைவு.

1960-ல் ஜாஸ் பேஸ் வந்தது. இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்கள். பிரிட்ஜ் பக்கம் ஸ்ட்ரிங் குறைவாகத்தான் அசையும் என்பதால் ஒலி கூர்மையாக இருக்கும், நெக் பக்கம் உருண்டையாக. இரண்டையும் முழுசாகத் திறந்தால் ஹம் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் எட்டிப்பார்க்கும். இன்னொரு விஷயம், பிரிட்ஜ் பிக்கப் நெக் பிக்கப்பைவிடக் கொஞ்சம் நீளம். மரத்தைக் குடைவதற்கு முன்னால் பிக்கப்பைக் கையில் வைத்து அளந்துவிடுங்கள்.

பலர் தடுக்கி விழுவது பி-ஜே ஜோடியில்தான். பி தன் ஹம்மைத் தானே அடக்கும். சாதாரண ஜே-க்கு இன்னொரு ஜே துணை வேண்டும், பி அந்தத் துணை ஆகாது. அதனால் ஜே-யைத் திறந்தாலே ஹம் வரும். இந்த ஜோடிதான் வேண்டும் என்றால், உள்ளேயே இரண்டு சுருள் உள்ள ஹம் இல்லாத ஜே-யாகத் தேடுங்கள்.

லியோவுக்கு 1960-களில் உடம்பு விடாமல் படுத்தியது. இனி அதிக நாள் இல்லை என்று நம்பி, 1965-ல் கம்பெனியை சிபிஎஸ்ஸுக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். பிறகு வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் குணமாகிவிட்டார். உயிர் இருக்கிறது, கைவேலை இருக்கிறது, சொந்தப் பெயர் மட்டும் இன்னொருவர் கையில்! ஐம்பதுகளின் நடுவில் இருந்த ஒரு மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்க.

அடுத்து மியூசிக் மேன். 1976-ல் வந்த ஸ்டிங்ரே பேஸில் பருத்த காந்தங்களுடன் ஒரே ஹம்பக்கர், கூடவே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப். எம்எம் பிக்கப்பைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் புகழ்பெற்ற ஒலியில் ப்ரீஆம்புக்கும் பங்கு உண்டு. பாஸிவாக மாட்டினாலும் நன்றாகவே ஒலிக்கும், ஆனால் ரெக்கார்டில் கேட்ட அதே ஒலியை எதிர்பார்க்காதீர்கள்.

விற்பனைப் பக்கங்களில் ஓம் கணக்கைப் பெரிதாகப் போடுவார்கள். அதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். கம்பி மெலிந்தாலும் அந்த எண் ஏறும், காந்தம் என்ன என்பதை அது சொல்லவே சொல்லாது. இந்த பாஸிவ் பிக்கப்களுக்கு 250கே பாட், 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும். குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி, பிரிட்ஜுக்கு ஒரு எர்த் வயர் இழுத்துவிடுங்கள். பிக்கப்பை ஸ்ட்ரிங்குக்கு ரொம்ப நெருக்கமாகவும் ஏற்றக் கூடாது. காந்தம் ஸ்ட்ரிங்கை இழுக்கும், சுருதி தள்ளாடும்.

70 வயதில் லியோ மறுபடியும் ஒரு கம்பெனி தொடங்கினார். பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் சேர்ந்து ஜி அண்ட் எல். அங்கே வந்த எல்-2000 பேஸில் பாஸிவா ஆக்டிவா என்ற சண்டைக்கே ஒரு சுவிட்ச் போட்டுவிட்டார். தட்டினால் இது, தட்டினால் அது. பார்க்கின்சன் நோய் வந்த பிறகும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21 அன்று, 81 வயதில் இறந்தார். ஃபுல்லர்ட்டன் தொழிற்சாலையில் அவர் வேலை செய்த அறையை, மேசையும் கருவிகளும் கலையாமல், பல ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தார்கள்.